ஒரே தலைப்பு, நான்கு விதமான சரக்கு: டேவிட் ராபர்ட்ஸின் எகிப்து, புனித பூமித் தொகுதிகள்

எகிப்து, புனித பூமிக் காட்சிகளை வரைந்து பெரிய படநூலாக வெளியிட்ட டேவிட் ராபர்ட்ஸ் என்ற ஓவியரின் பெயரை ஏலக் கேட்டலாக்குகளில் தேடிப் பார்த்தால் முதலில் குழப்பம்தான் மிஞ்சும். ஓரிடத்தில் ஆறு தொகுதி, லட்சம் பவுண்டுக்கு மேல். இன்னோரிடத்தில் அதே ஓவியர், அதே தலைப்பு, அங்கேயும் ஆறு தொகுதி, விலை சில ஆயிரம்தான். கொஞ்சம் தள்ளிப் போனால் அதே புத்தகத்திலிருந்து பிரித்த ஒற்றைத் தாள், கண்ணாடிச் சட்டம் போட்டு, சில நூறு பவுண்டுக்கு. கெய்ரோ, ஜெருசலேம் கடைத்தெருவில் அதே படம் சுருட்டிக் கட்டி, காபி விலைக்குக் கிடைக்கும். விற்பவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. எல்லாமே 'ராபர்ட்ஸின் கல்லச்சுப் படம்' (கல்லில் வரைந்து அச்சிடும் லித்தோ) என்ற பெயரில்தான் போகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் படப் பயண நூல்களைச் சேகரிக்க நினைப்பவர்கள் இந்த ஒரு நூலை ஒழுங்காகப் புரிந்துகொண்டால் மற்றவற்றில் பாதி விளங்கிவிடும் என்பது என் எண்ணம். அது எப்படி அச்சானது, எப்படி விற்கப்பட்டது, எப்படிக் கட்டப்பட்டது என்ற மூன்றும் தெரியாமல் பிரதியைப் புரட்டிப் பார்ப்பதில் பயன் இல்லை. இன்று ஒரு பிரதிக்கும் அடுத்த பிரதிக்கும் இருக்கும் வித்தியாசம் எல்லாம் அந்த மூன்றிலிருந்து வந்ததுதான்.

ஓவியரும் பயணமும்

ராபர்ட்ஸ் 1796இல் எடின்பரோ அருகே ஸ்டாக்பிரிட்ஜில் பிறந்தவர். அப்பா செருப்புத் தைக்கும் தொழிலாளி. பையன் வீட்டுச் சுவருக்கு வண்ணம் பூசுபவரிடம் தொழில் பழகி, அப்புறம் நாடக அரங்குகளுக்குத் திரைச்சீலை வரையப் போனான். இது வெறும் வாழ்க்கைக் குறிப்பு இல்லை. பிரம்மாண்டமான கட்டடத்தைக் கீழிருந்து அண்ணாந்து பார்க்கிற மாதிரி வைப்பது, தூணடியில் எறும்பளவு மனிதர்களை நிறுத்தி உயரத்தைக் காட்டுவது, ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம் விழச் செய்வது எல்லாம் நாடகத் திரையில் கற்ற வித்தை. கர்னாக் தூண் மண்டபத்தை அவர் வரைந்த படத்தைப் பார்த்தால் தெரியும்.

1838 ஆகஸ்டு கடைசியில் லண்டனிலிருந்து கிளம்பி, செப்டம்பரில் அலெக்சாந்திரியா சேர்ந்தார். படகு பிடித்து நைல் வழியாக அபு சிம்பல் வரை போய்த் திரும்பினார். கெய்ரோ மசூதிகளுக்குள் வரைய அனுமதி கிடைத்தது. துருக்கியர் போல உடுத்த வேண்டும், பன்றி மயிர்த் தூரிகை பயன்படுத்தக் கூடாது என்பது நிபந்தனை. 1839 பிப்ரவரியில் ஒட்டகக் கூட்டத்தோடு சினாய்க்குப் புறப்பட்டு, மார்ச்சில் பெட்ரா, மாதக் கடைசியில் ஜெருசலேம், மே மாதம் பால்பெக் பார்த்துவிட்டு பெய்ரூத்தில் கப்பலேறினார். கையில் 272 ஓவியங்களும், கெய்ரோவின் அகலக் காட்சி ஒன்றும், நிறைந்துபோன மூன்று வரைபுத்தகங்களும் இருந்தன.

பெட்ராவை வரைந்த முதல் ஆள் அவர் இல்லை. பிரெஞ்சுக்காரரான லியோன் டி லபோர்ட் 1828இலேயே அங்கே போய், 1830இல் பாரிஸில் கல்லச்சுப் படங்களோடு பெரிய புத்தகமாகவே போட்டுவிட்டார். ஆனால் தொழில்முறை ஓவியர் ஒருவர், யாருடைய தூதுக்குழுவிலும் சேராமல், தானே திட்டமிட்டு, திரும்பி வந்து விற்பதற்காகவே வரைந்தது ராபர்ட்ஸின் பயணம். அதற்கு முன்பே ஸ்பெயின் காட்சிகளை 1837இல் கல்லச்சில் போட்டு நல்ல விற்பனை பார்த்திருந்தார். அந்தக் கணக்கு மனதில் இருந்துதான் இந்தப் பயணத்துக்கே கிளம்பினார்.

பணம் போட்டவர்

பெரிய பதிப்பாளரான ஜான் முர்ரே தயங்கினார். செதுக்கு அச்சில் பேர்பெற்ற ஃபிண்டன் சகோதரர்களும் பின்வாங்கினார்கள். தயக்கத்துக்குக் காரணம் உண்டு. இவ்வளவு பெரிய தாளில், இத்தனை படம் போட்டால் முதலீடு திரும்ப வருமா என்பது யாருக்கும் நிச்சயமில்லை. ஃபிரான்சிஸ் கிரஹாம் மூன் என்ற படவியாபாரி ஒப்புக்கொண்டார். ஓவியங்களைப் பயன்படுத்தும் உரிமைக்கு ராபர்ட்ஸுக்கு 3,000 பவுண்டு பேசினார். அன்றைக்கு அது சாதாரணத் தொகை அல்ல.

மூன் போட்ட வழி எளிமையானது. மூல ஓவியங்களையே காட்சிக்கு வைத்து, பார்க்க வந்தவர்களிடம் சந்தா பிடித்தார். விக்டோரியா ராணி சந்தாதாரர் ஆனதும் மற்ற பிரபுக்கள் பின்னாலேயே வந்தார்கள். நூல் 1842இல் ஆரம்பித்து 1849 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. புனித பூமிக்கு மூன்று தொகுதி, எகிப்துக்கும் அதன் தெற்கே நைல் கரையிலுள்ள நூபியாவுக்கும் மூன்று தொகுதி. புனித பூமிக்கு உரை எழுதியவர் ஜார்ஜ் குரோலி என்ற பாதிரியார், எகிப்துக்கு வில்லியம் பிராக்கெடன். உரையைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. இன்று இந்த நூலை அதற்காக யாரும் வாங்குவதில்லை. மூன் 1854இல் லண்டன் மேயர் ஆனார், அடுத்த வருடம் பேரனெட் பட்டமும் வந்தது. துணிந்து போட்ட பணம் அவரைக் கைவிடவில்லை.

கல்லில் வரைந்த இடது கை

இந்த நூலின் உண்மையான நாயகன் ராபர்ட்ஸ் இல்லை, லூயி ஹாக் என்று சொல்லும் சேகரிப்பாளர்கள் உண்டு. எனக்கும் அதில் உடன்பாடுதான். பெல்ஜியத்தில் தூர்னே நகரில் 1806இல் பிறந்த ஹாக்கின் வலது கை பிறவியிலேயே ஊனமுற்றது. இடது கையால்தான் வரைந்தார். வில்லியம் டே என்பவரோடு சேர்ந்து அவர் நடத்திய 'டே அண்ட் ஹாக்' அச்சகம் லண்டன் கல்லச்சுத் தொழிலில் முன்வரிசையில் இருந்தது.

கல்லச்சு என்பது 1790களின் கடைசியில் அலோய்ஸ் செனஃபெல்டர் பவேரியாவில் கண்டுபிடித்த முறை. சோல்ன்ஹோஃபென் பகுதியில் கிடைக்கும் நயமான சுண்ணாம்புக் கல்லை வழவழப்பாகத் தேய்த்து, பின் மணலிட்டுச் சன்னமான சொரசொரப்பு ஏற்றி, அதன் மேல் கொழுப்புக் கலந்த கிரேயானால் வரைவார்கள். பிறகு வேலம்பிசினும் துளி நைட்ரிக் அமிலமும் பூசுவார்கள். கல்லை நனைத்தால் வரையாத இடம் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், கொழுப்பு இருக்கிற இடம் தள்ளிவிடும். எண்ணெய் மையை உருளையால் ஏற்றினால் கொழுப்புக் கோட்டில் மட்டும் ஒட்டும். தாளை வைத்து அழுத்தினால் படம். பள்ளமும் இல்லை, மேடும் இல்லை.

செம்புத் தகட்டில் செதுக்கும்போது ஓவியரின் தூரிகைத் தடம் செதுக்குபவரின் கோடுகளாக மாறிவிடும். கல்லிலோ, கிரேயான் எப்படி நகர்ந்ததோ அப்படியே தாளில் விழும். பயண ஓவியர்களுக்கு இந்த முறை பிடித்ததற்கு இதுதான் காரணம். பென்சில் கோட்டின் அழுத்தமும் தளர்வும் அப்படியே நிற்கும். ஒரே சிரமம், எல்லாவற்றையும் இடம் வலம் மாற்றி வரைய வேண்டும். ஹாக் இத்தனை படங்களையும் எட்டு வருடத்துக்குக் குறையாமல் அப்படித்தான் கல்லில் ஏற்றினார்.

இதோடு முடியவில்லை. கறுப்புக் கோட்டுப் படம் ஒரு கல்லில். அதற்கு மேல் மணல் நிறத்திலோ சாம்பல் நீலத்திலோ மெல்லிய படலம் கொடுக்க இன்னொரு கல், சில படங்களில் மூன்றாவதும். இதற்கு டின்ட் கல் என்று பேர். அந்தக் கல்லில் வெளிச்சம் விழ வேண்டிய இடங்களைச் சுரண்டி எடுத்துவிடுவார்கள். அங்கே மை படாது, வெறும் தாளின் வெள்ளை தெரியும். தலைப்பாகையின் ஓரம், படகுப் பாயின் விளிம்பு, உடைந்த தூணின் உச்சி என்று ராபர்ட்ஸ் படங்களில் பளிச்சென்று நிற்பதெல்லாம் எதுவும் அச்சாகாத இடம்தான். கல்லும் கல்லும் தாளில் சரியாகப் பொருந்தாமல் அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் வெளிச்சம் முகத்திலிருந்து தோளுக்கு இறங்கிவிடும். இந்த நூலின் நல்ல பிரதிகளில் அந்தப் பொருத்தம் அசராமல் இருக்கிறது. அதே முறையில் அச்சான மலிவான பயண நூல்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் ஹாக்கின் அச்சகம் என்ன செய்தது என்று புரியும்.

ஜே. ஆர். ஆபி என்ற ஆங்கிலேய சேகரிப்பாளர் தன் பயண நூல்களுக்குப் போட்ட கேட்டலாக் 1956, 57இல் வந்தது. டின்ட் கல்லச்சின் உச்சம் இது என்ற பொருளில் அதில் எழுதியிருக்கிறார். இன்றும் விற்பனைக் குறிப்புகளில் புனித பூமிக்கு 'ஆபி 385', எகிப்துக்கு 'ஆபி 272' என்று எண் போடுவது அந்தக் கேட்டலாக்கை வைத்துத்தான். அவருடைய பயண நூல் சேகரிப்பைப் பால் மெலன் வாங்கினார். இப்போது அது யேல் பல்கலைக்கழகத்தின் பிரிட்டிஷ் கலை மையத்தில் இருக்கிறது.

ஒரே வெளியீடு, வெவ்வேறு நிலைகள்

இனி குழப்பம் தொடங்கும் இடம். மூன் எல்லாருக்கும் ஒரே பொருளை விற்கவில்லை. டின்ட் அச்சோடு சாதாரணப் பிரதி ஒன்று. அதில் முதலில் எடுத்த நல்ல அச்சுகளைக் கொண்ட புரூஃப் பிரதி அதைவிட விலை கூடியது. எல்லாவற்றுக்கும் மேலே, ஒவ்வொரு படத்தையும் கையால் வண்ணம் தீட்டி, படத்தின் விளிம்போடு வெட்டி, தடித்த அட்டையில் ஒட்டிக் கொடுத்த ஆடம்பரப் பிரதி. பார்ப்பவருக்கு அது அசல் நீர்வண்ண ஓவியம் போலத் தெரிய வேண்டும் என்பதுதான் நோக்கம். ஏலத்தில் லட்சம் பவுண்டைத் தாண்டுவது இந்த மூன்றாவது ரகம். டின்ட் பிரதி முழுதாக இருந்தால் பத்தாயிரங்களில் போகும்.

சாதாரணப் பிரதியில் பெரிய படங்களுக்கு முழுத்தாள். சிறியவை பாதிப் பக்கம்: மேலே படம், அதன் கீழே அதே தாளில் உரை. படம் கல்லில், உரை ஈய எழுத்தில், இரண்டு வேறு அச்சு யந்திரத்தில் ஒரே தாள் ஏறி இறங்கியிருக்கிறது. பெரிய படங்களின் அடியில் வெளியிட்ட தேதி, மூனின் திரெட்நீடில் தெரு முகவரி எல்லாம் பொடி எழுத்தில் வரும்.

ஆக, முகவரி வரி இல்லாத படம் ஒன்று கைக்கு வந்தால் இரண்டு அர்த்தம் இருக்கலாம். அட்டையில் ஒட்டிய ஆடம்பரப் பிரதியிலிருந்து வந்தது என்றால் அது இல்லாமல் இருப்பதே சரி. சாதாரணத் தாளில் அது இல்லை என்றால் யாரோ சட்டத்துக்குப் பொருந்துவதற்காக ஓரத்தை வெட்டியிருக்கிறார்கள். ஒரே குறை, ஓரிடத்தில் அசல் அடையாளம், இன்னோரிடத்தில் சேதம். கேட்டலாக்கில் 'ஓரம் வெட்டப்பட்டது' என்று மட்டும் போட்டிருந்தால் எந்த நிலை என்று எழுதிக் கேட்காமல் பணம் அனுப்பக் கூடாது.

படங்களின் எண்ணிக்கையும் ஒரு சிக்கல். புனித பூமிக்கு 120, எகிப்து நூபியாவுக்கு 121, ஆறு தொகுதிக்கும் படத்தோடு கூடிய தலைப்புப் பக்கங்கள் ஆறு. மொத்தம் 247. பொன்யே என்பவர் வரைந்த ராபர்ட்ஸின் உருவப்படத்தைச் சேர்த்தால் 248. வரைபடங்கள் தனி. '241 படம், முழுமையானது' என்று ஒருவரும் '248' என்று இன்னொருவரும் எழுதினால் இரண்டு பேரும் சரியாக இருக்கலாம். உருவப்படம்தான் முதலில் காணாமல் போவது. கிழித்துச் சட்டம் போட ஏதுவான தாள் அது.

கட்டு அவிழ்ந்த கதை

இந்த நூல் இவ்வளவு தூரம் பிரிந்து சிதறியதற்குப் பேராசை மட்டும் காரணம் இல்லை. அன்று படப் புத்தகங்களுக்கு ஒரு புதிய பைண்டிங் முறை நாகரிகமாக இருந்தது. வில்லியம் ஹான்காக் 1836இல் காப்புரிமை வாங்கிய ரப்பர் பைண்டிங். தாள்களை மடித்துத் தைக்க வேண்டியதில்லை. முதுகுப் பக்கத்தை ஒரே நேராக வெட்டி, ரப்பர்க் கரைசலைப் பூசி ஒட்டினால் போதும். தனித்தனித் தாளாக அச்சான பெரிய படங்களுக்கு இதைவிட வசதி இல்லை. புத்தகமும் தட்டையாக விரியும். வியாபாரத்தில் இதைக் கட்டாபர்ச்சா பைண்டிங் என்பார்கள்.

சில பத்து வருடத்தில் ரப்பர் காய்ந்து பொடியாகிவிடும். பிறகு அட்டையைத் திறந்தால் படங்கள் உதிரும். அந்தக் காலத்திலேயே தோல் முதுகு வைத்துத் தைத்துக் கட்டியவர்களின் பிரதி பிழைத்தது. மற்றவை அலமாரியில் சீட்டுக்கட்டு மாதிரி கிடந்தன. ஏற்கெனவே உதிரியாகக் கிடக்கும் 247 தாளை மறுபடி பைண்டு செய்யச் செலவழிப்பதா, தாள் தாளாக விற்பதா என்று வந்தபோது வியாபாரி எதைத் தேர்ந்திருப்பார் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பெட்ராவில் பாறையைக் குடைந்து செய்த கஸ்னா முகப்பு, ஸ்பிங்க்ஸ், அபு சிம்பலின் முகப்பு, ஜெருசலேமின் தூரக் காட்சி என்று பேர்பெற்ற சில படங்களை விற்றாலே முழுத் தொகுதிக்குக் கொடுத்த பணத்தில் பெரும் பங்கு வந்துவிடும்.

முழுப் பிரதியைப் பிரிப்பதை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் இன்று நம் கைக்கு எட்டுவது ஏற்கெனவே பிரிந்துபோன தாள்கள்தான். அவற்றை வாங்குவதில் தப்பு ஒன்றும் இல்லை. நல்ல கட்டில் இருக்கும் முழுத் தொகுதியை 'பிரித்து விற்கத் தோதானது' என்று விளம்பரம் செய்பவரிடம் மட்டும் நான் வாங்க மாட்டேன்.

தாளைக் கையில் எடுத்தால்

முதலில் பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் வேண்டும். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் வட்ட வட்டமாகப் பூப்போலச் சேர்ந்து தெரிந்தால் அது இருபதாம் நூற்றாண்டு ஆஃப்செட் நகல். அங்கேயே கீழே வைத்துவிடலாம். கல்லச்சில் ஒழுங்கான புள்ளிகள் இருக்காது. கல்லின் சொரசொரப்பில் கிரேயான் பிடித்த இடமும் பிடிக்காத இடமுமாக, ஒரே மாதிரி இல்லாத கருமணிகள் தெரியும். டின்ட் பகுதி புள்ளியே இல்லாமல் சீரான படலமாக இருக்கும். சுரண்டிய வெளிச்சத்தின் ஓரத்தில் கத்தியின் தடம் கூடச் சில சமயம் பார்க்கலாம்.

தாளின் ஓரத்தில் செவ்வகமாக அமுங்கிய தடம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். செம்புத் தகட்டில் அச்சான அக்வாடின்ட் படத்தில் அது இருக்கும், கல்லச்சில் இருக்காது. மாமல்லபுரம், தஞ்சாவூர் என்று நம் ஊர்க் காட்சிகளை வரைந்த தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் இருவரின் பெரிய படங்கள் அக்வாடின்ட் வகை. பழைய இந்தியப் படம் என்றாலே 'லித்தோ' என்று எழுதிவிடும் கடைகள் இருப்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அடுத்தது வண்ணம். இதில்தான் அதிகப் பணம் ஏமாறப்படுகிறது. மூன் விற்ற வண்ணப் பிரதி வெட்டி அட்டையில் ஒட்டியது என்றேன். அப்படியென்றால், அகலமான ஓரமும், அடியில் அச்சுரையும் உள்ள பாதிப் பக்கப் படம் பளபளவென்று வண்ணத்தோடு இருந்தால், அந்த வண்ணம் பெரும்பாலும் பின்னாளில் ஒரு படவியாபாரி கூலி கொடுத்துத் தீட்டியதாகவே இருக்கும். அக்கால வண்ணத்தில் நிழலான இடங்களுக்கு வேலம்பிசின் பூசி மெருகு ஏற்றுவார்கள். தாளைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் அங்கங்கே மினுங்கும். பிற்கால வண்ணம் பெரும்பாலும் வானத்தைக் கண்கூசும் நீலமாக்கி, ஹாக் சுரண்டி விட்ட வெள்ளை மேலும் பூசிவிடும். வண்ணம் ஏறிய தாளைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் ஊறியிருப்பதும் தெரியலாம். தாள் ஈரம் தாங்காத நிலைக்குப் போன பிறகு தீட்டியிருக்கிறார்கள் என்பதற்கு அது அடையாளம்.

என் விருப்பத்தைச் சொல்லிவிடுகிறேன். சட்டம் போட்டுச் சுவரில் மாட்ட வண்ணப் படம் அழகாக இருக்கும். கல்லச்சு என்ற கலையைச் சேகரிப்பவருக்கு வண்ணம் ஏறாத டின்ட் தாளே மேல். ஹாக் எதைச் செய்து முடித்தாரோ அது அதில் முழுசாக இருக்கிறது. விலையும் அதில்தான் குறைவு.

பழுப்புப் புள்ளி இந்த நூலுக்குக் கூடப்பிறந்தது. ஓரத்தில் மட்டும் இருந்தால் விட்டுவிடலாம். வானத்தின் நடுவில் இருந்தால் விலை பேச வேண்டும். புள்ளியே இல்லாத, பால் மாதிரி வெளுத்த தாளைக் கண்டால்தான் எனக்குச் சந்தேகம் வரும். ரசாயனத்தில் போட்டு வெளுக்க வைத்த தாள் நார் தளர்ந்து துணி போலத் தொய்ந்திருக்கும். அதோடு டின்ட் நிறமும் மங்கியிருக்கும்.

சின்னப் பதிப்பு

சில ஆயிரம் பவுண்டுக்குக் கிடைக்கும் ஆறு தொகுதி என்னவென்றால், ஹாக் விலகிய பிறகு 'டே அண்ட் சன்' ஆன அதே அச்சகம் 1855, 56இல் கொண்டுவந்த சிறிய அளவுப் பதிப்பு. பெரிய பதிப்பின் தாள் சுமார் 60 சென்டிமீட்டர் உயரம், இது அதில் பாதி. ஆறு தொகுதியை மூன்றாகக் கட்டிய பிரதிகளும் நிறைய. கேசல் நிறுவனம் பிறகு இன்னொரு பதிப்பும் போட்டது. தலைப்புப் பக்கத்தில் 'லூயி ஹாக்கின் கல்லச்சுகளைப் பின்பற்றி' என்று வந்தால் அது மறுபதிப்பு. படிக்கவும் பார்க்கவும் சின்னப் பதிப்பு மோசமில்லை. மடியில் வைத்துப் புரட்டலாம், பெரியதை இரண்டு பேர் தூக்க வேண்டும். பெரிய பதிப்பின் தாள் என்று நினைத்து இதன் ஒற்றைத் தாளை வாங்காமல் இருந்தால் சரி. விற்பனைக் குறிப்பில் அளவு போடவில்லை என்றால் கேளுங்கள்.

சந்தை கவனிக்காத நூபியா

எல்லாரும் பெட்ராவுக்கும் ஸ்பிங்க்ஸுக்கும் முண்டியடிக்கிறார்கள். ஸ்பிங்க்ஸ் மேல் மணற்புயல் வருவதைக் காட்டும் படத்துக்குக் கூடுதல் மவுசு. அதே காட்சியை எண்ணெய் வண்ணத்தில் வரைந்து ராபர்ட்ஸ் சார்லஸ் டிக்கன்ஸுக்குக் கொடுத்தார் என்பதும் அதற்குக் காரணம்.

நூபியாவின் பாதிப் பக்கப் படங்களை யாரும் அவ்வளவாகத் தேடுவதில்லை. தெபோத், தென்தூர், தக்கா, வாதி சபுவா என்று வாயில் நுழையாத கோயில்கள். அஸ்வான் உயர் அணை கட்டிய பிறகு அந்தப் பள்ளத்தாக்கே நாசர் ஏரிக்குள் போய்விட்டது. அபு சிம்பல் 1964 தொடங்கி 1968க்குள் அறுத்துத் தூக்கி மேட்டில் வைக்கப்பட்டது. தெபோத் கோயில் இன்று மாட்ரிடில் ஒரு பூங்காவில் நிற்கிறது. தென்தூர் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குள். கோயில் பிழைத்தது, அது நின்ற கரையும் பேரீச்சந்தோப்பும் பிழைக்கவில்லை. ராபர்ட்ஸ் படத்தில் அந்தக் கரை இருக்கிறது. பெட்ராவை இன்றும் நேரில் போய்ப் பார்க்கலாம், இதைப் பார்க்க முடியாது. சேகரிப்பவர் கண்ணோடு பார்த்தால் நூபியப் படங்களே இந்த நூலின் கனமான பகுதி. விலையோ கஸ்னா படத்தில் ஒரு சிறு பங்கு.

அதற்காக இவை புகைப்படம் போல் நம்பத்தக்கவை என்று சொல்ல வரவில்லை. ஆட்களை இடம் மாற்றி நிறுத்துவதில் நாடகக்காரருக்குத் தயக்கம் இருந்திருக்காது. புகைப்படம் வர அதிக நாளும் ஆகவில்லை. ராபர்ட்ஸ் ஊர் திரும்பிய அதே 1839இல் பாரிஸில் டகேரோடைப் முறை வெளியிடப்பட்டது. நவம்பரிலேயே ஒரேஸ் வெர்னேயும் குபில் ஃபெஸ்கேயும் கேமராவோடு அலெக்சாந்திரியாவில் இறங்கிவிட்டார்கள். 1852இல் மாக்சிம் து கான் எகிப்துப் புகைப்படங்களையே ஒட்டிய புத்தகம் கொண்டுவந்தார். மூன் கடைசிப் பகுதியை வெளியிட்டு மூன்று வருடம்தான் ஆகியிருந்தது.

இந்தியாவுக்கு வந்த போட்டி

டே அண்ட் சன் இந்த வெற்றியை மறக்கவில்லை. 1857 கலகத்துக்குப் பிறகு இங்கிலாந்தில் இந்தியா மேல் ஆவல் கூடியது. ராபர்ட்ஸின் நூலுக்கு ஈடாக இந்தியாவுக்கு ஒன்று, 250 படம் என்று திட்டம் போட்டு, கிரிமியப் போரை வரைந்து பேர்வாங்கிய வில்லியம் சிம்ப்சனை 1859இல் அனுப்பினார்கள். அவர் 1862 வரை இந்தியாவில் சுற்றி வரைந்து, ஊர் திரும்பி வருடக்கணக்கில் படங்களை முடித்துக்கொடுத்தார். அதற்குள் அச்சகம் கடனில் முழுகிவிட்டது. 1867இல் வெளிவந்தது 50 படம் மட்டுமே. அதுவும் பல கல்லில் பல நிறம் ஏற்றும் குரோமோ அச்சில், சிம்ப்சனே நொந்துகொள்ளும் தரத்தில். அவர் வரைந்து கொடுத்த மூல ஓவியங்கள் திவாலான கம்பெனியின் சரக்காகக் கைமாறிப் போயின.

அதனால் இந்தியாவுக்கு ராபர்ட்ஸ் அளவில் ஒரு கல்லச்சு நூல் கிடையாது. இருப்பவை சிறியவை, சில ரொம்ப நல்லவை. அவுரி வியாபாரியாக வந்து கட்டடக்கலை வரலாற்றாசிரியராக மாறிய ஜேம்ஸ் ஃபெர்குசன் 1848இல் டின்ட் கல்லச்சில் கொண்டுவந்த பெரிய அளவுப் படநூலில் மாமல்லபுரத்து ரதங்கள் இருக்கின்றன. கல்லில் ஏற்றியவர் டி. சி. டிப்டின். ராபர்ட்ஸின் நாடகம் அதில் கிடையாது. ஃபெர்குசனுக்குக் கட்டடத்தின் அளவும் சிற்பத்தின் வடிவும்தான் முக்கியம். இலங்கைக் காட்சிகளுக்கு டே அண்ட் சன் 1864இல் அச்சிட்ட கேப்டன் ஓ'பிரையனின் பதினைந்து படங்களைத் தேடலாம்.

இப்போது தொடங்குபவருக்கு என் யோசனை: முதலில் அமெரிக்க காங்கிரஸ் நூலகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் ராபர்ட்ஸ் படங்களைப் பெரிய அளவில் இறக்கி, டின்ட் எங்கே சுரண்டியிருக்கிறது என்று பார்த்துப் பழகுங்கள். பிறகு வண்ணம் ஏறாத, உரை வெட்டுப்படாத, 1846க்கும் 1849க்கும் இடைப்பட்ட நூபியப் பாதிப் பக்கத் தாள் ஒன்றை வாங்குங்கள். விற்பவரிடம் மூன்று கேள்வி: தாளின் முழு அளவு என்ன, வண்ணம் எப்போது ஏறியது, தாளை வெளுத்திருக்கிறீர்களா. பின்பக்கத்தின் புகைப்படமும் கேளுங்கள். அனுப்ப மறுத்தால் அடுத்த கடைக்குப் போகலாம், இந்தத் தாள்களுக்குப் பஞ்சமில்லை.